சப்நெட், ரிப், தரைக்கல் ரிகர்ஷன்: மூணு கேள்வி, மூணுலயும் மார்க் போச்சு

கோட்டையூரான்:

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். மாடல் எக்ஸாம் பேப்பர் கைக்கு வந்துருச்சு. மூணு பெரிய கேள்வியில மார்க் போயிருக்கு. சிவப்பு மையில ஒரு கோடு மட்டும்தான் இருக்கு, எந்த இடத்துல தப்புன்னு எழுதல. செமஸ்டர்லயும் இதே வகைதான் வரும்ங்கறதால கேட்கறேன்.

கேள்வி 1 (சப்நெட், அதாவது ஒரு நெட்ஒர்க்கைச் சின்னச் சின்னதா வெட்டறது): 192.168.40.0/24-ஐ நாலு கிளைக்குப் பிரிக்கணும். /24-னா கடைசி எண் .0 முதல் .255 வரை 256 முகவரி; / எண் ஒண்ணு கூடினா முகவரி பாதியாகும். காரைக்குடி 100 கணினி, தேவகோட்டை 50, கானாடுகாத்தான் 25, பள்ளத்தூர் 10. காரைக்குடியிலிருந்து மத்த மூணுக்கும் தனித்தனி லீஸ்டு லைன் (ரெண்டு ரவுட்டரை மட்டும் நேரா இணைக்கற வாடகை லைன்).

நான் சின்னதுல ஆரம்பிச்சேன். லைன் மூணுக்கும் .0/30, .4/30, .8/30. பள்ளத்தூர் .12/28, கானாடுகாத்தான் .28/27, தேவகோட்டை .60/26, காரைக்குடி .124/25. கடைசி முகவரி .251-ல முடியுது. எதுவும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறல. பிறகு ஏன் தப்பு?

கேள்வி 2: காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் மூணு ரவுட்டரும் ஒரே கோட்டுல இருக்கு, ரிப் ஓடுது (ரவுட்டர்கள் ஒண்ணுக்கொண்ணு தூரத்தைச் சொல்லி வழி கண்டுபிடிக்கற முறை; அதுல தூரம் 16-னா போக வழியில்லைன்னு அர்த்தம்). பள்ளத்தூருக்குப் பின்னால இருக்கற ஒரு நெட்ஒர்க் அறுந்துபோகுது. பள்ளத்தூர் அதைச் சொல்றதுக்கு முன்னாடி கோட்டையூரோட அப்டேட் அங்க வந்துருது. ஸ்பிளிட் ஹொரைசன் (ஒரு வழியை யார்கிட்ட கேட்டோமோ அவங்ககிட்டயே அதைத் திருப்பிச் சொல்லாத விதி) இல்ல. அட்டவணை எப்படி மாறும்? நான் "பள்ளத்தூர் 16-னு சொல்லும், எல்லாரும் 16-னு மாத்திக்குவாங்க"ன்னு ரெண்டே வரியில முடிச்சுட்டேன்.

கேள்வி 3: 8-க்கு 8 கட்டம் உள்ள தரை. ஒரு கட்டத்துல தூண் நிக்குது. மிச்சத்தை மூணு கட்டம் சேர்ந்த 'ட' வடிவக் கல்லால, எந்தப் பக்கமும் திருப்பி வச்சு, பாவணும். கல்லை உடைக்கக் கூடாது. ரிகர்ஸிவ் அல்காரிதமும் (சின்ன அளவுக்குத் தன்னையே கூப்பிடறது) ரிகரன்ஸும் (பெரிய அளவோட கணக்கைச் சின்ன அளவை வச்சுச் சொல்ற சமன்பாடு) எழுதுக. நான் தரையை நாலாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் அதே ஃபங்ஷனைக் கூப்பிட்டேன். 2-க்கு 2 வந்தா ஒரு கல் வைன்னு பேஸ் கேஸ் (மேற்கொண்டு கூப்பிடாம நிக்கற இடம்). தரைக்கு மேல சிவப்புக் கோடு.

செக்காலை ரோடு:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன். சின்னதுல ஆரம்பிச்சதுதான் தப்பு. எப்பவும் பெரியதுல இருந்து இறங்கு.

காரைக்குடி .0/25 (0 முதல் 127)
தேவகோட்டை .128/26 (128 முதல் 191)
கானாடுகாத்தான் .192/27 (192 முதல் 223)
பள்ளத்தூர் .224/28 (224 முதல் 239)
லைன்கள் .240/30, .244/30, .248/30

.252 முதல் .255 வரை மிச்சம். அவ்வளவுதான்.

கழனிவாசல்:

செக்காலை அண்ணன் கொடுத்த விடை சரி, காரணம்தான் சரியில்ல. தம்பி சின்னதுல ஆரம்பிச்சதுல ஒரு குத்தமும் கிடையாது. கட்டத்தை எங்க தொடங்கினார்ங்கறதுதான் குத்தம்.

/28-னா 16 முகவரி. அது 0, 16, 32, 48-னு 16-இன் மடங்குல மட்டும்தான் தொடங்க முடியும். இது யாரோ வச்ச சட்டமில்ல, மாஸ்க் (முகவரியில எந்தப் பிட் நெட்ஒர்க்கைக் குறிக்குதுன்னு காட்டற எண்) வேலை செய்யற விதமே அதுதான். மாஸ்க்கோட கடைசி எண் 240, பைனரியில 11110000. கணினி தன் முகவரியையும் மாஸ்க்கையும் பிட் பிட்டா 'அண்ட்' போட்டுத்தான் தன்னோட நெட்ஒர்க் எதுன்னு கண்டுபிடிக்குது. 12-ங்கறது 00001100. மேல நாலு பிட்டும் 0, அதனால விடை 0. நீ பேப்பர்ல .12/28-னு எழுதினாலும் ரவுட்டர் அதை .0/28-ஆத்தான் எடுத்துக்கும். அங்க ஏற்கனவே உன்னோட மூணு லீஸ்டு லைனும் உக்காந்திருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறலைன்னு சொன்னியே, ஏறிருச்சு.

பள்ளத்தூர் ஆபீஸ்ல இதை அப்படியே போட்டா என்ன ஆகும்னு பாரு. ரவுட்டருக்கு .13, கணினிகளுக்கு .14-ல இருந்து .23 வரைன்னு வச்சுக்குவோம்.

.14 வேலை செய்யும், ரவுட்டரும் அதுவும் 0 முதல் 15 வரையுள்ள ஒரே கட்டம். .15-ஐக் கொடுக்கவே முடியாது, அது அந்தக் கட்டத்தோட பிராட்காஸ்ட் முகவரி (எல்லாருக்கும் சேர்த்து அனுப்பறதுக்கானது). .16-ஐயும் கொடுக்க முடியாது, அது அடுத்த கட்டத்தோட நெட்ஒர்க் முகவரி. .17-ல இருந்து .23 வரைக்கும் உள்ள ஏழும் 16 முதல் 31 வரையுள்ள கட்டத்துல விழும். அதுங்க கண்ணுக்கு .13 பக்கத்து வீடு இல்ல, வேற தெரு. கேட்வேயே, அதாவது வெளிய அனுப்பற ரவுட்டரே, வேற நெட்ஒர்க்ல இருந்தா வெளிய போக வழி இல்ல. அந்த ஏழும் தங்களுக்குள்ள மட்டும் பேசிக்கும். பத்து கணினியில ஒண்ணே ஒண்ணுக்குத்தான் வெளி உலகம் தெரியும். "ஒரு சிஸ்டத்துல மட்டும் வருது, மத்ததுல வரல, கேபிள் எல்லாம் நல்லாத்தான் இருக்கு"ன்னு யாராவது சொன்னா கேபிளை விட்டுட்டு முதல்ல மாஸ்க்கையும் தொடக்க எண்ணையும் பாரு.

உன்னோட மத்த மூணும் இதே நோய்தான். 28 என்பது 32-இன் மடங்கு இல்ல, 60 என்பது 64-இன் மடங்கு இல்ல, 124 என்பது 128-இன் மடங்கு இல்ல. அதே ஏறுவரிசையில திருத்தினா: லைன் .0, .4, .8; பள்ளத்தூர் .16/28, கானாடுகாத்தான்.32/27, தேவகோட்டை.64/26, காரைக்குடி.128/25. கச்சிதமா .255-ல முடியுது. நடுவுல .12 முதல் .15 வரை காலி, அதுவே ஒரு நல்ல /30. அண்ணன் விடையில அந்த நாலு முகவரி கடைசியில நிக்குது, இதுல முன்னாடி நிக்குது. ரெண்டும் கண்ணாடியில பார்த்த மாதிரி ஒண்ணுதான்.

அப்ப ஏன் எல்லாரும் பெரியதுல இருந்து போடச் சொல்றாங்க? பெரிய கட்டத்துக்கு அப்புறம் சின்னதை வச்சா அடுத்த தொடக்க எண் தானாவே சரியான மடங்குல வந்து நிக்கும், நீ சரிபார்க்கவே வேணாம். 128 என்பது 64-இன் மடங்கு, 192 என்பது 32-இன் மடங்கு. சின்னதுல இருந்து ஏறினா ஒவ்வொரு தடவையும் அடுத்த மடங்குக்குத் தள்ளணும், மறந்தா போச்சு. பரீட்சை ஹால்ல மறக்கத்தான் செய்யும்.

உண்மையிலேயே மாட்டறது வரிசை கலந்து கேள்வியில இருக்கற மாதிரியே போடறப்ப. 50, 100, 50-னு கேட்டு அதே வரிசையில போட்டா முதல் 50-க்கு 0 முதல் 63, நூறுக்கு 128 முதல் 255. மூணாவதுக்கு "இடமில்லை"ன்னு எழுதிருவீங்க. 64 முதல் 127 வரை சும்மா கிடக்கும்.

கோட்டையூரான்:

அண்ணே, அந்த ஏழு கணினி விஷயம் நல்லாப் புரிஞ்சுது. ஒரு சந்தேகம். கணினி எண்ணிக்கையில ரவுட்டர் போர்ட்டையும் சேர்க்கணுமா? கேள்வியில சொல்லலையே.

கழனிவாசல்:

சேர்க்கணும். சொல்லலைன்னாலும் ஒவ்வொரு கிளைக்கும் கேட்வே ஒண்ணு உண்டு. உன் கணக்குல மாற்றம் வராது, 101-க்கு 126 இருக்கு, 51-க்கு 62, 26-க்கு 30, 11-க்கு 14. ஆனா கேள்வியில 30 கணினின்னு வந்தா அது பொறி. /27-ல சரியா 30 முகவரி, கணினிக்கே தீர்ந்துரும், கேட்வேக்கு இல்ல. /26-க்குப் போகணும். 14, 62, 126 இந்த எண்களைக் கேள்வியில பார்த்தாலே உஷாராயிரு. எந்த அனுமானத்துல போட்டேன்னு ஒரு வரி எழுதிரு, திருத்தறவர் வேற மாதிரி நினைச்சிருந்தாலும் மார்க் பிழைக்கும்.

லீஸ்டு லைனுக்கு /31-ம் போடலாம், 2000-இல் வந்த ஆர்.எஃப்.சி. 3021 (ஆர்.எஃப்.சி.-னா இணைய விதிகளை எழுதி வைக்கற ஆவணம்) அதை அனுமதிக்குது. ரெண்டு முனைக்கு ரெண்டு முகவரி, வீணே இல்ல. ஆனா பேப்பர்ல /30-ஐயே எழுது.

பள்ளத்தூர் டீச்சர்:

மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். இது கணிதவியலாளர் சாலமன் கோலம்ப் 1954-இல் காட்டிய பழைய நிரூபணம். தரை, தூண் என்று மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த கூடம் கண்முன் இருக்கிற ஊரில் நல்ல மாற்றம்தான். ஆத்தங்குடிக் கல் சதுரம், இங்கே 'ட' வடிவம், அது மட்டும்தான் வித்தியாசம்.

நீ நாலாகப் பிரித்தது சரி. பிரித்தவுடனே கூப்பிட்டதுதான் தவறு. எண்ணிப் பார். 8-க்கு 8 என்றால் 64 கட்டம், தூண் போக 63, மூன்றால் வகுபடும், 21 கல். நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 16 கட்டம். தூண் இருக்கும் கால்பகுதியில் 15 கட்டம், 5 கல், சரி. மற்ற மூன்றிலும் 16 கட்டம் அப்படியே இருக்கிறது. 16-ஐ மூன்றால் வகுத்தால் மீதி 1. அந்தக் கால்பகுதிகளை யாராலும் பாவ முடியாது. உன் ஃபங்ஷன் "தூண் உள்ள தரை"யைத்தான் தீர்க்கும்; நீ அதனிடம் தூண் இல்லாத தரையை மூன்று தடவை கொடுத்திருக்கிறாய்.

ஆகவே கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு கல்லை நடுவில் வைக்க வேண்டும். நான்கு கால்பகுதியும் சந்திக்கிற நடுப்புள்ளியைச் சுற்றி நான்கு கட்டங்கள் இருக்கும், ஆளுக்கு ஒன்று. தூண் இருக்கும் கால்பகுதியின் கட்டத்தை விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் மூடுகிற மாதிரி ஒரு 'ட' கல். இப்போது அந்த மூன்று கால்பகுதிகளிலும் மூலையில் ஒரு கட்டம் அடைபட்டுவிட்டது. அதுவே அவற்றின் தூண். நான்குமே பழைய கேள்வியின் சின்ன வடிவம் ஆகிவிட்டன.

கையால் ஒரு தடவை செய். தூண் வரிசை 3, நிரல் 6-இல் இருக்கட்டும். அது வலது மேல் கால்பகுதி. நடுக்கல் (4,4), (5,4), (5,5) மூன்றையும் மூடும், (4,5)-ஐ விட்டுவிடும். இப்போது வலது மேல் கால்பகுதிக்குள் போ: வரிசை 1 முதல் 4, நிரல் 5 முதல் 8. அதன் நடு வரிசை 2-க்கும் 3-க்கும் இடையில், நிரல் 6-க்கும் 7-க்கும் இடையில். தூண் அதன் இடது கீழ்ப் பகுதியில். ஆகவே அடுத்த கல் (2,6), (2,7), (3,7). இன்னும் இறங்கினால் வரிசை 3-4, நிரல் 5-6, 2-க்கு 2 தரை. தூண் போக (3,5), (4,5), (4,6). சரியாக ஒரு கல். தாளில் கட்டம் போட்டு ஒவ்வொரு கல்லுக்கும் எண் எழுதிக்கொண்டே போ. மூன்றாவது கல் வரும்போதே கை பழகிவிடும்.

எழுதும்போது இப்படி:

பாவு(மேல், இடது, பக்கம், தூண்வரிசை, தூண்நிரல்)
— பக்கம் 1 என்றால் திரும்பு
— பொதுவான எண்-ஐ (கல்லின் வரிசை எண்) ஒன்று கூட்டு. அதை என்எண்-இல் வை
— அரை = பக்கத்தில் பாதி
— நான்கு கால்பகுதிக்கும் ஒவ்வொன்றாக:
—— தூண் இதற்குள் இருந்தால், அதே தூணோடு பாவு-வைக் கூப்பிடு
—— இல்லாவிட்டால், நடுவை ஒட்டிய மூலைக் கட்டத்தில் என்எண்-ஐ எழுது. அந்த மூலைக் கட்டத்தையே தூணாகக் கொடுத்துப் பாவு-வைக் கூப்பிடு

பேஸ் கேஸை 2-இல் வைக்காதே, 1-இல் வை. 1-க்கு 1 தரையில் இருக்கும் ஒரே கட்டமும் தூண்தான், செய்ய ஒன்றுமில்லை. 2-இல் வைத்தால் எந்த மூலையில் தூண் என்று நான்கு நிபந்தனை தனியாக எழுத வேண்டிவரும். அங்கேதான் பிழை புகும்.

ரிகரன்ஸ்: பக்கம் 1-க்குக் கல் 0. பக்கம் ம-வுக்கு, பாதிப் பக்கத்தின் கல் எண்ணிக்கையை நான்கால் பெருக்கி ஒன்று கூட்டு. 0, 1, 5, 21, 85 என்று போகும். மாஸ்டர் தியரத்தில் (ரிகரன்ஸிலிருந்து நேரத்தைக் கணக்கிடும் தேற்றம்) அழைப்பு 4, வகுக்கும் எண் 2, கூடுதல் வேலை மாறிலி. 4-க்கு 2-ஐ அடியாகக் கொண்ட மடக்கை 2, ஆகவே நேரம் பக்கத்தின் வர்க்கம். தரையின் பரப்பே அவ்வளவு என்பதால் இதைவிடக் குறைக்க வழியில்லை என்று ஒரு வரி சேர்த்தால் திருத்துகிறவருக்குப் பிடிக்கும்.

கோட்டையூரான்:

டீச்சர், பைத்தான்ல எழுதிப் பார்த்தேன். ஓடுது, ஆனா ஒரே கல்லோட மூணு கட்டத்துலயும் வேற வேற எண் விழுது. முதல் தடவை ஓட்டினப்ப "ஃப்ளோட்"னு ஏதோ எரர் வேற.

பள்ளத்தூர் டீச்சர்:

எண் மாறுவதற்குக் காரணம்: பொதுவான எண்-ஐ நேராக எழுதியிருப்பாய். முதல் கால்பகுதியைக் கூப்பிட்டுத் திரும்புவதற்குள் உள்ளே எத்தனையோ கல் வைத்து எண் ஏறியிருக்கும். இரண்டாவது மூலையில் எழுதும்போது அந்த ஏறிய எண் விழுகிறது. அதற்காகத்தான் என்எண் என்று தனியாக ஒரு லோக்கல் மாறியில் எடுத்து வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு அழைப்புக்கும் அதன் சொந்த என்எண் ஸ்டாக்கில் (முடியாத அழைப்புகளை அடுக்கி வைக்கும் நினைவகம்) இருக்கும், உள்ளே என்ன நடந்தாலும் கலையாது.

ஃப்ளோட் எரர் பைத்தான் 3-இல் ஒற்றைக் கோட்டு வகுத்தல் எப்போதும் தசமம் தருவதால். 8-ஐ 2-ஆல் வகுத்தால் 4 வராது, 4.0 வரும்; அதை வைத்து லிஸ்டில் கட்டத்தை எடுக்க முடியாது. இரட்டைக் கோடு போடு.

இன்னும் ஒன்று உன்னிடம் வந்திருக்கலாம். தூண் எந்தக் கால்பகுதி என்று பார்க்கும்போது அரை-யோடு நேராக ஒப்பிடாதே. மேல் + அரை, இடது + அரை இவற்றோடு ஒப்பிடு. முதல் அழைப்பில் மேல், இடது இரண்டும் 0 என்பதால் தவறு தெரியாது. உள்ளே போனபிறகுதான் கல் வேறு எங்கேயோ போய் விழும்.

கழனிவாசல்:

டீச்சர் சொன்ன நாலாப் பிரிக்கற கணக்கை ரெண்டாப் பிரிச்சா அதுதான் முதல் கேள்வி. /24-ஐ ரெண்டு /25, அதுல ஒண்ணை ரெண்டு /26-ன்னு பாதி பாதியா வெட்டிக்கிட்டே போ. தேவையான அளவு வந்ததும் நிறுத்திக் குறி. இப்படி வெட்டினா தொடக்க எண் தப்பா வரவே வராது, ஏன்னா 12-ல தொடங்கற /28 அந்த மரத்துல எந்தக் கிளையிலயும் கிடையாது. வரைஞ்சு பார்த்தா /24-ல இருந்து /30-க்கு ஆறே படி.

இப்ப ரெண்டாவது கேள்வி. நீ எழுதினது தப்பில்ல, ஆனா அது கேட்காத கேள்விக்கு விடை. "கோட்டையூரோட அப்டேட் முதல்ல வந்துருது"ங்கற வரியைத் தாண்டிப் போயிட்டே. மொத்த மார்க்கும் அந்த வரியிலதான்.

ஆரம்பத்துல அந்த நெட்ஒர்க்குக்குத் தூரம்: பள்ளத்தூர் 1, கோட்டையூர் 2, காரைக்குடி 3. அறுந்ததும் பள்ளத்தூர் தன் மனசுக்குள்ள 16-னு போட்டுக்குது. அந்த நேரம் பார்த்து கோட்டையூர் வந்து "எனக்கு அது 2-ல கிடைக்கும்"ங்குது. அந்த 2 பள்ளத்தூர் வழியாத்தான்னு கோட்டையூர் சொல்றதில்ல. ரிப்ல தூரம் மட்டும்தான் போகும், பாதை போகாது. பள்ளத்தூர் நம்பி 3-னு எழுதிக்குது, "கோட்டையூர் வழியா". அடுத்து பள்ளத்தூர் 3-னு சொல்லுது. கோட்டையூருக்கு அந்த வழியே பள்ளத்தூர்தான், அதனால தூரம் கூடினாலும் ஏத்துக்கத்தான் வேணும். 4 ஆகுது. இப்படியே:

கோட்டையூர் சொல்லி: பள்ளத்தூர் 3, காரைக்குடி 3
பள்ளத்தூர் சொல்லி: கோட்டையூர் 4
கோட்டையூர் சொல்லி: பள்ளத்தூர் 5, காரைக்குடி 5
பள்ளத்தூர் சொல்லி: கோட்டையூர் 6
கோட்டையூர் சொல்லி: பள்ளத்தூர் 7, காரைக்குடி 7

கடைசியில பள்ளத்தூர் 15, கோட்டையூர் 16, அடுத்த அப்டேட்ல மத்த ரெண்டும் 16. காரைக்குடி இந்த வம்புலயே இல்ல, கோட்டையூர் சொல்றதைக் கேட்டுக் கேட்டுக் கூடவே ஏறுது.

நேரக் கணக்கும் எழுது. அப்டேட் 30 விநாடிக்கு ஒரு தடவை. ஒவ்வொரு 30 விநாடிக்கும் பள்ளத்தூரோட எண் 2 ஏறும். 3-ல இருந்து 15-க்கு ஆறு சுத்து, 16-க்கு இன்னொரு சுத்து. ஆக 210 விநாடி, மூணரை நிமிஷம், தூரம் மாறின உடனே அப்டேட் அனுப்பற வசதி இல்லைன்னு வச்சா. "180 விநாடி டைம்அவுட் இருக்கே, அது ஏன் காப்பாத்தல"ன்னு வைவாவுல கேட்பாங்க. ஒவ்வொரு 30 விநாடிக்கும் பொய்யோ மெய்யோ ஒரு அப்டேட் வந்து டைமரைத் திருப்பி வச்சுருது. அது ஓடித் தீரவே தீராது.

அந்த மூணரை நிமிஷமும் அந்த நெட்ஒர்க்குக்கு வர்ற பாக்கெட் கோட்டையூருக்கும் பள்ளத்தூருக்கும் நடுவுல பந்து மாதிரி போய் வரும். டி.டி.எல். (பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டர் தாண்டலாம்ங்கற எண்) ஒவ்வொரு ரவுட்டர்லயும் ஒண்ணு குறையும், லினக்ஸ்ல வழக்கமா 64-ல தொடங்கும், விண்டோஸ்ல 128-ல. பூஜ்யம் ஆனதும் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுருவாங்க. அப்ப ட்ரேஸ்ரூட் (பாக்கெட் போற வழியைக் காட்டற கட்டளை) போட்டா ரெண்டே முகவரி மாறி மாறி வந்துக்கிட்டே இருக்கும். நேர்ல பார்த்தா இந்த நோயை அடையாளம் காட்டறது அதுதான்.

இதுக்கும் ரிகர்ஷனுக்கும் என்ன சம்பந்தம்னு பாரு. பெல்மன்-ஃபோர்டு சமன்பாடு சொல்றது: எனக்கு அங்க தூரம் = பக்கத்து ரவுட்டருக்கு அங்க தூரம் + 1, அதுல எது சின்னதோ அது. இது சுத்தமான ரிகர்ஷன். பேஸ் கேஸ் எங்க? நேரா ஒட்டியிருக்கற ரவுட்டர், தூரம் 1. அந்த ஒயர் அறுந்தா பேஸ் கேஸே காணாமப் போயிருச்சு. மிச்சம் இருக்கறது ரெண்டு வரி: கோட்டையூர் = பள்ளத்தூர் + 1, பள்ளத்தூர் = கோட்டையூர் + 1. ரெண்டு ஃபங்ஷனும் ஒண்ணை ஒண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். 1988-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1058-ல 16-ஐ முடிவிலின்னு வச்சது இதை எங்கயாவது நிறுத்தத்தான். பைத்தான் 1000 அழைப்புல நிறுத்தற மாதிரி. ஃபியூஸ் போறது மாதிரி நினைச்சுக்க, ரிப்பேர் இல்ல.

ஸ்பிளிட் ஹொரைசன் போட்டா கோட்டையூர் தான் கேட்ட வாசல்லயே அதைத் திருப்பிச் சொல்லாது, கோட்டுல இருக்கற மூணுக்கும் பிரச்சினை தீர்ந்துது. ஆனா காரைக்குடிக்கும் பள்ளத்தூருக்கும் நேர் லைன் ஒண்ணு போட்டு முக்கோணம் ஆக்கினா தீராது. பள்ளத்தூர் சொன்ன 16 கோட்டையூருக்குப் போய்ச் சேர்ந்து, காரைக்குடிக்கு மட்டும் வழியில தொலைஞ்சுதுன்னு வை. காரைக்குடி தன் பழைய 2-ஐக் கோட்டையூருக்குச் சொல்லும், கோட்டையூர் 3-னு எடுத்துப் பள்ளத்தூருக்குச் சொல்லும், பள்ளத்தூர் 4-னு காரைக்குடிக்குச் சொல்லும். யாரும் கேட்டவங்ககிட்டயே திருப்பிச் சொல்லல, ஆனாலும் சுத்துது. ஸ்பிளிட் ஹொரைசன் ரெண்டு பேர் சுத்தலை மட்டும்தான் நிறுத்தும்னு எழுது, அது பல பேர் விடற புள்ளி.

செக்காலை ரோடு:

கழனிவாசல் சொன்னது சரி, வரிசை முக்கியமில்ல, மடங்குதான் முக்கியம். நான் இத்தனை நாள் விதியை மட்டும் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

கோட்டையூரான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர், பாவு-வுல நாலாவது அழைப்பு ஃபங்ஷனோட கடைசி வரிதானே, அது டெயில் ரிகர்ஷனா? வகுப்புல சொன்னது சரியாப் பிடிபடல.

பள்ளத்தூர் டீச்சர்:

நான்கையும் லூப் இல்லாமல் தனித்தனி வரியாக எழுதினால் நாலாவது மட்டும் ஆம். முதல் மூன்றும் இல்லை, அவை திரும்பி வந்தபிறகு வேலை பாக்கி இருக்கிறது.

நம் பக்கத்துப் பெரிய வீட்டை நினைத்துக்கொள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, கடைசியில் பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், எவ்வளவு தூரம் போனாலும் செருப்புக்காக வந்த வழியே திரும்பித்தான் ஆக வேண்டும். அந்தச் செருப்புதான் பாக்கி வேலை. ஃபேக்டோரியலில் "n-ஐ, n-1-இன் ஃபேக்டோரியலோடு பெருக்கு" என்று எழுதினால் பெருக்கல் முகப்பில் கிடக்கும் செருப்பு. ஒவ்வொரு கட்டிலும் ஒரு ஜோடி, ஸ்டாக் வளர்ந்துகொண்டே போகும். பெருக்கிய விடையை இரண்டாவது உள்ளீடாகக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனால் திரும்ப வேண்டியதில்லை, பின்வாசல் வழியாக அடுத்த தெருவில் இறங்கிவிடலாம். அது டெயில் ரிகர்ஷன். ஜி.சி.சி. கம்பைலரில் ஆப்டிமைசேஷன் 2 வைத்தால் அதைச் சாதாரண லூப்பாக மாற்றிவிடும். பைத்தான் மாற்றாது, நீ செருப்பைக் கையில் எடுத்தாலும் அது உன்னைத் திரும்ப நடக்க வைக்கும்.

கோட்டையூரான்:

இப்ப புரியுது. பாவு-வை 8-க்கு ஓட்டினேன், 21. 16-க்கு 85. 1024-க்குப் போட்டா பைத்தானோட 1000 எல்லையில மாட்டுமா?

பள்ளத்தூர் டீச்சர்:

மாட்டாது. எல்லை ஆழத்துக்குத்தான், மொத்த அழைப்புகளின் எண்ணிக்கைக்கு அல்ல. 1024-ஐப் பத்துத் தடவை பாதியாக்கினால் 1. முதல் அழைப்பையும் சேர்த்து ஒரே நேரத்தில் ஸ்டாக்கில் இருப்பது பதினொன்றுதான். கல் 349525 வர வேண்டும், வேறு எண் வந்தால் ஒப்பீட்டில் பிழை. ஃபேக்டோரியலை 1000-க்குப் போட்டால் அங்கே மாட்டும்.

தாளில் 8-க்கு மேல் வரையாதே. கட்டம் போடவே நேரம் போய்விடும்.